புகையை அறியும் கண்

(லால்குடி வட்டார வளர்ச்சி அலுவலர்)

"நெருப்பில்லாமல் புகையாது" என்பது நம் மக்கள் அன்றாடம் வழங்கும் பழமொழி. புகையைக் கண்டால் நெருப்பு உண்டு என்று துணியலாம் என்பது அதன் பொருள். ஆனால் கண்ணில் பட்டது புகைதானா என்பதை முதலில் தெளிய வேண்டுமல்லவா? பனி, மேகம், புழுதி, நீராவி ஆகிய யாவும் தொலைவிலிருந்து நோக்குவார்க்குப் புகை போலவே தோன்றும். இவற்றைப் பிரித்தறியும் திறமை கிராமவாசிகளிடம் இயல்பாகவே அமைந்திருக்கிறது. அய்யன் வாய்க்கால் கரையில் நிற்கும் குடியானவர், தொலைவில் எழுவது ஆலைப் புகையா, கரும்புச் சருகு எரிகிறதா, வைக்கோற்போர் பற்றிக்கொண்டதா என்பதை ஒரு கணத்தில் சொல்லிவிடுவார். இதனைக் கல்வி என்று எவரும் கருதியதில்லை. இதற்காக எவரும் கூலி கொடுத்ததும் இல்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. காட்டுத் தீயைக் கண்டறிவதற்காகக் காமிராக்கள் எடுக்கும் படங்களில் புகை எங்கே இருக்கிறது என்று அடையாளமிட்டுக் கொடுப்பது, உலகின் பல பகுதிகளில் ஒரு வேலையாகவே வளர்ந்துள்ளது. வீட்டிலிருந்தபடியே இணையத்தின் வழியாக இத்தகைய படவேலை செய்யும் இளைஞர்களும் பெண்களும் நம் மாநிலத்துக் கிராமங்களிலும் இருக்கின்றனர். இவ்வேலை யாது, இதற்குரிய பயிற்சி எவ்வாறு அமைய வேண்டும், இதில் ஏமாறாமல் இருப்பது எப்படி என்பனவற்றைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

காட்டுத் தீயும் காமிராவும்

2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய தீயை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. மலையேற்றம் சென்றவர்கள் காய்ந்த புல்வெளிக்கு நடுவே தீயில் அகப்பட்டு, இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல்லில் பற்றிய தீ, காற்றும் சரிவும் துணை செய்தால் மனிதன் ஓடும் வேகத்தையும் மிஞ்சி மேலேறும். தீ சிறிதாக இருக்கையில் பத்துப் பேர் பச்சைக் கொப்புகளைக் கொண்டு அடித்து அணைத்துவிடலாம். அதே தீ சில மணி நேரம் கழிந்தபின் நூறு பேருக்கும் அடங்காது. எனவே தீத்தடுப்பில் காலமே முதல் என்பது கண்கூடு.

டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004ஆம் ஆண்டு முதல் செயற்கைக் கோள்களின் துணையால் காட்டுத் தீ பற்றிய எச்சரிக்கைகளை மாநிலங்களுக்கு அனுப்பி வருகிறது. முதலில் பயன்பட்ட கருவி, ஒரு கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒவ்வொரு சதுரத்தையும் ஒரு புள்ளியாகப் பார்த்தது. அஃதாவது ஏறத்தாழ 250 ஏக்கருக்குள் எங்கோ தீ இருக்கிறது என்று மட்டுமே அது கூறும். பின்னர் வந்த கருவி 375 மீட்டர்ச் சதுரத்தை, அஃதாவது ஏறத்தாழ 35 ஏக்கரை, ஒரு புள்ளியாகக் காண்கிறது. இது பெரிய முன்னேற்றமே. ஆயினும் அக்கோள்கள் நம் தலைக்கு மேல் நாளொன்றுக்குச் சில முறைதான் கடந்து செல்கின்றன. அவை வந்து போன அரை மணிக்குப் பின் பற்றிய தீயை, அடுத்த முறை வரும்போதுதான் காண இயலும்.

இந்த இடைவெளியை நிரப்பவே குன்றுகளின் உச்சியில் காமிராக்களை நிறுத்தும் முறை ஏற்பட்டது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் சான்டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் முயற்சியால் ஆயிரத்துக்கு மேற்பட்ட காமிராக்கள் மலைகளை இடையறாது கண்காணிக்கின்றன. 2023ஆம் ஆண்டு முதல் அப்படங்களில் புகையைத் தேடும் பொறுப்பைத் தீயணைப்புத் துறையினர் கணினிக்கும் கொடுத்துள்ளனர். நம் நாட்டில் மகாராட்டிர மாநிலத்துப் பெஞ்ச் புலிகள் காப்பகத்தில் 2024ஆம் ஆண்டு இத்தகைய ஏற்பாடு தொடங்கப்பெற்றது. தமிழ்நாட்டில் புகைக்கு அன்று, யானைக்காக, இதை ஒத்த முறை கையாளப்படுகிறது. கோயம்புத்தூர் அருகே மதுக்கரையில் இரயில் பாதையை யானைகள் கடக்கும் இடங்களில் 12 கோபுரங்களில் காமிராக்கள் அமைத்து, யானை வரவைக் கணினி கண்டு சொல்லும் திட்டம் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கியது.

இயந்திரத்துக்குக் கண் கொடுப்பவர் யார்?

கணினி எவ்வாறு புகையைக் காண்கிறது என்ற ஐயம் எழுவது இயற்கை. குழந்தைக்கு நாம் பசுவைக் காட்டி "பசு" என்றும், எருமையைக் காட்டி "எருமை" என்றும் பலமுறை சொல்லிக் கொடுக்கிறோம். கணினிக்கும் அதுவே வழி. குழந்தைக்குப் பத்து முறை போதும். கணினிக்குப் பல்லாயிரம் படங்கள் வேண்டும். ஒவ்வொரு படத்திலும் புகை உண்டா இல்லையா என்று ஒரு மனிதர் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். உண்டாயின், அது இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்து காட்டியிருக்க வேண்டும். கலிபோர்னியாக் காமிராக்களிலிருந்து திரட்டி ஆராய்ச்சிக்காக வெளியிடப்பட்ட ஒரு தொகுதியில் மட்டும் ஏறத்தாழ 25,000 படங்கள் உள்ளன. அவற்றில் ஒவ்வொரு தீக்கும், அது தொடங்குவதற்கு 40 நிமிடம் முன்னிருந்து 40 நிமிடம் பின்வரை, நிமிடத்துக்கு ஒன்றாகப் படங்கள் வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. இவ்வாறு முன்னும் பின்னும் சேர்த்து வைத்ததன் காரணம் பின்னர் விளங்கும்.

இவ்வேலை எளிதாகத் தோன்றினும் ஒருவராலோ இருவராலோ முடியக்கூடியதன்று. எனவே இணையத்தின் வழியே பல ஊர்களிலுள்ள பல பேருக்கு இதனைச் சிறு சிறு துண்டுகளாகப் பகிர்ந்து கொடுக்கும் வழக்கம் வந்தது. 2005ஆம் ஆண்டு அமேசான் நிறுவனம் இதற்கென ஓர் இணையச் சந்தையைத் தொடங்கி, அதற்கு "இயந்திரத் துருக்கியன்" என்று பொருள்படும் பெயரை வைத்தது. அப்பெயருக்கு ஒரு கதை உண்டு. 1770ஆம் ஆண்டு வியன்னா அரசவையில் கெம்பலன் என்பவர், துருக்கிய உடை தரித்த ஒரு பொம்மை சதுரங்கம் ஆடும்படி ஒரு பெட்டியைக் காட்டினார். பெரிய மனிதர் பலர் அப்பொம்மையிடம் தோற்றனர். ஆனால் உண்மையில் பெட்டிக்குள்ளே ஒரு மனிதர் ஒளிந்திருந்து ஆடினார். வெளியே இயந்திரம், உள்ளே மனிதர்! இன்றைய "அறிவுள்ள இயந்திரங்கள்" பலவற்றின் நிலையும் ஓரளவு இதுவே. 2009ஆம் ஆண்டு வெளியான ஒரு பெரும் படத்தொகுதிக்கு 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 50,000 பேர் இவ்வாறு இணையத்தின் வழியே அடையாளமிட்டார்கள். அவர்களுடைய பெயர் எந்த இயந்திரத்தின் மேலும் பொறிக்கப்படவில்லை.

தமிழ்நாட்டுக்கும் இவ்வகை வேலை புதியதன்று. 2007ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தேசிக்ரூ நிறுவனம் திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடியிலும், நெக்ஸ்ட்வெல்த் நிறுவனம் நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரத்திலும் மையங்கள் அமைத்துக் கிராமத்துப் பட்டதாரிகளுக்குக் கணினி வேலை அளித்தன. அத்தகைய மையங்களில் நேரில் அமர்ந்து பயிற்சி தருவோர் உண்டு. வீட்டில் தனித்திருந்து கைப்பேசியில் வேலை செய்வோருக்கோ அந்த வசதி இல்லை. கேள்வி கேட்க ஆளில்லாமல் வேலை செய்வதே அவர்களுடைய பெருங்குறை.

பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு சோதனை

இக்குறையை நாம் நேரிற் கண்டது நம் வட்டாரத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டிய ஒரு சிற்றூரில். மகளிர் சுய உதவிக் குழுவின் கூட்டத்துக்குச் சென்றிருந்தபோது, அறிவியல் பட்டம் பெற்ற ஓர் இளம்பெண் தம் கைப்பேசியை நம்மிடம் காட்டினார். படங்களில் பல பொருள்களை அடையாளமிடும் வேலையை அவர் சில மாதங்களாகச் செய்து வந்தார். அவ்வாரம் அவர் முடித்துக் கொடுத்த படங்களில் ஒரு பகுதி "தவறு" என்று தள்ளப்பட்டு, அவற்றுக்குரிய கூலியும் நிறுத்தப்பட்டிருந்தது.

"எது தப்பு என்று சொன்னால் திருத்திக்கொள்வேன் சார். அதைத்தான் சொல்லமாட்டேன் என்கிறார்கள்" என்றார் அவர்.

அவர் சொன்னது நம் மனத்தில் தைத்தது. காரணம் சொல்லாமல் மதிப்பெண்ணைக் குறைக்கும் ஆசிரியரிடம் எந்த மாணவன் பாடம் கற்பான்? அன்று நாம் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம் என்று கூறினோம். அடுத்த சில நாட்களில், தகுந்த காவலுடன் ஊர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் படிக்கட்டிலிருந்து காலையும் மாலையும் பன்னிரண்டு படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றைப் பஞ்சாயத்து அலுவலகத்துச் சுவரில் பெரிதாகக் காட்டி, வந்திருந்த அனைவரையும், "இதில் புகை உண்டா?" என்று கேட்டோம்.

பல படங்களில் கருத்து வேறுபாடே எழவில்லை. ஒரு படத்தில் மட்டும் வாழைத் தோட்டங்களின் மேல் வெண்துகில் விரித்தாற் போல ஒரு படலம் காணப்பட்டது. காலை ஆறரை மணிக்கு எடுத்த படம். ஏறக்குறைய எல்லாரும், நாம் உட்பட, "பனி" என்றோம். அந்தப் பெண் மட்டும், "புகை போல இருக்கிறது, ஆனால் சொல்ல பயமாக இருக்கிறது" என்றார். பின்வரிசையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்தார்.

"ஏம்மா, இதற்கு முந்தின படம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இருக்கிறது தாத்தா" என்று அந்தப் பெண் முன்தின மாலையில் எடுத்த படத்தைக் காட்டினார். அதில் தோப்புக்கு அப்பால் ஒரு மூலையில் மெல்லிய சாம்பல் நிறக் கோடு ஒன்று எழுந்துகொண்டிருந்தது.

"அங்கே சோகை கொளுத்தியிருக்கிறார்கள். இரவெல்லாம் உள்ளே கனிந்திருக்கிறது. விடியலில் குளிர் இறங்கினால் புகை மேலே போகாது ஐயா, படுத்துக்கொள்ளும். பனி என்றால் எங்கும் ஒரே சீராக இருக்கும். இது பாருங்கள், அந்த மூலையில் கெட்டி, இந்தப் பக்கம் நைந்து போகிறது" என்றார்.

விசாரித்ததில் அவர் கூறியதே உண்மை என்று தெரியவந்தது. பெரும்பான்மையோர் தவறினோம். ஐயுற்ற அந்தப் பெண்ணும் காரணம் சொன்ன முதியவருமே சரியாகக் கண்டனர். இச்சிறு நிகழ்ச்சியிலிருந்து நாம் அறிந்துகொண்ட பாடங்களே இக்கட்டுரையின் அடிப்படை.

புகையின் இலக்கணம்

படத்தில் புகையை அறிவதற்குச் சில பொது விதிகள் உண்டு. புகைக்கு அடி உண்டு. அஃது ஓரிடத்தில் நிலைத்திருக்கும். அடி குறுகியும் முடி விரிந்தும், காற்றடிக்கும் பக்கம் சாய்ந்தும் காணப்படும். மேகத்துக்கு நிலத்தில் வேர் கிடையாது. அடுத்தடுத்த படங்களில் மேகம் முழுவதுமாக இடம்பெயரும். புகையின் அடியோ நகராது. வண்டி எழுப்பும் புழுதி சாலையைத் தொடர்ந்து ஓடும். நிறமும் அவ்விடத்து மண்ணை ஒத்திருக்கும். கல்லக்குடிப் பக்கத்துச் சிமெண்டு ஆலையின் புகைப்போக்கியும் காட்டூர்ச் சர்க்கரை ஆலையின் புகைப்போக்கியும் என்றும் ஒரே இடத்தில் நிற்பவை. ஆகையால் அங்கிருந்து எழுவதைக் காட்டுத் தீயின் புகை என்று குறிக்கலாகாது. ஆலையிலிருந்து வரும் நீராவி, போக்கியின் வாயை விட்டுச் சிறிது தூரம் சென்றதும் காற்றில் கரைந்து மறையும்; புகை நெடுந்தொலைவு நீளும்.

நிறத்தாலும் சில செய்திகள் கிடைக்கும். ஈரமான தழையும் புல்லும் எரியும்போது நீராவி கலந்து வெண்புகை எழும். எண்ணெயும் டயரும் எரிந்தால் கரும்புகை. எனினும் நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது. சூரியன் இருக்கும் திசையைப் பொறுத்து வெண்புகை கருத்தும் சாம்பற்புகை வெளுத்தும் காணக்கூடும். காமிராக் கண்ணாடியில் படிந்த மழைத்துளி, சிலந்தி வலை, மாலை வெயிலின் கூச்சம் ஆகியவையும் மலைச்சரிவில் புகை போல மயக்கும். கண்ணாடியில் உள்ள கறையாயின் காமிரா எப்பக்கம் திரும்பினாலும் அது கூடவே வரும்.

"பனி படுத்திருக்கும், புகை எழுந்து நிற்கும்" என்பது பொது விதி. ஆனால் மேலே கூறிய படம் அதற்கும் விலக்கு உண்டென்று காட்டியது. குளிர்ந்த விடியலில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலுள்ள காற்று சற்று வெப்பமாகவும் இருக்கும். அப்போது மேலே மூடி போட்டாற் போலாகிப் புகை உயர இயலாமல் பரவி விடுகிறது. வெயில் ஏறி நிலம் சூடானதும் மூடி கலைந்து புகை எழும். எனவே தனிப் படத்தைப் பார்த்துத் தீர்ப்புக் கூறுவதைவிட, முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டுக் கூறுவதே சிறந்தது. முதியவர் கேட்ட "முந்தின படம் இருக்கிறதா?" என்ற கேள்வியும், கலிபோர்னியா ஆராய்ச்சியாளர் 40 நிமிடம் முன்னும் 40 நிமிடம் பின்னும் படங்களை வரிசைப்படுத்தியதும் ஒரே அறிவின் இரு தோற்றங்கள்.

பயிற்சி எவ்வாறு அமைதல் வேண்டும்?

நல்ல பயிற்சிக்கு முதல் தேவை தெளிவான விளக்கம். "புகையைக் குறிக்கவும்" என்ற ஒரு வரி போதாது. இது புகை, இது புகையன்று, இது ஐயத்துக்குரியது என மூவகைக்கும் படங்கள் காட்டப்பெற வேண்டும். குறிப்பாக, புகை போலத் தோன்றிப் புகையல்லாதவற்றையே மிகுதியாகக் காட்டுதல் வேண்டும். நெல்லை அறிந்தவனைவிடக் களையை அறிந்தவனே நாற்றங்காலைக் காப்பான்.

இரண்டாவதாக, விடை தெரிந்த படங்களைக் கொண்டு பழக்க வேண்டும். பணியாளர் விடை சொன்ன உடனே சரி, தவறு என்பதோடு அதற்குரிய காரணமும் காட்டப்பெற வேண்டும். பழகிய பின்னும் உண்மையான வேலையின் நடுவே இத்தகைய படங்களை ஆங்காங்கே கலந்து கொடுப்பது வழக்கம். அவற்றில் தவறுவோர் மீண்டும் பயிற்சிக்கு அனுப்பப்படுவர். இது சோதனை மட்டுமன்று. கண்ணைக் கூர்மையாக வைத்திருக்கும் உபாயமுமாகும். நூற்றுக்கணக்கான படங்களில் ஒன்றில் மட்டுமே புகை இருந்தால், நல்ல கண்ணும் சோர்ந்து அந்த ஒன்றைத் தவறவிடுவது மனித இயல்பு. இரவு முழுவதும் பரண் மேல் அமர்ந்து கொல்லையைக் காத்தவர்கள் இதனை நன்கு அறிவார்கள்.

மூன்றாவதாக, ஒரே படத்தை ஒருவர் மட்டும் பார்த்தல் போதாது. மூவர் அல்லது ஐவரிடம் தனித்தனியே கொடுத்துப் பெரும்பான்மைக் கருத்தை ஏற்பது பரவலான முறை. பெரும்பாலும் இது நல்ல பலனைத் தரும். ஆனால் நம் பஞ்சாயத்து அலுவலகத்தில் நிகழ்ந்தது போல, எல்லாரும் ஒரே வகையில் ஏமாறுவதும் உண்டு. ஆதலால் கருத்து வேறுபட்ட படங்களைத் தனியே எடுத்து, அனுபவசாலி ஒருவர் காரணத்தோடு ஆராய வேண்டும். சிறுபான்மை விடையை ஆராயாமலே "தவறு" என்று தள்ளுவதால் பணியாளர் கூலியை இழக்கிறார். இயந்திரமோ ஓர் அரிய பாடத்தை இழக்கிறது.

நான்காவதாக, "ஐயம்" என்று சொல்லும் உரிமை வேண்டும். உண்டு, இல்லை என்ற இரண்டே விடைகளைக் கொடுத்தால், தெரியாதவரும் ஏதேனும் ஒன்றைச் சொல்லித்தானே தீர வேண்டும்? ஐயம் என்று குறித்தால் கூலி குறையும் என்ற அச்சம் இருந்தால், எவரும் உண்மையைச் சொல்லத் துணியார்.

தவறின் விலை

அடையாளமிடுவதில் இருவகைத் தவறுகள் நேரலாம். புகையைப் பனி என்று விடுவது ஒன்று. பனியைப் புகை என்று பிடிப்பது மற்றொன்று. முதல் தவறால் நேரும் கேடு வெளிப்படை. இரண்டாவது தவற்றைச் சிறியதென்று எண்ணலாகாது. ஒரு கணக்குப் பார்ப்போம். நிமிடத்துக்கு ஒரு படம் வீதம் ஒரு காமிரா பகல் 12 மணி நேரத்தில் 720 படங்கள் எடுக்கும். நூறு காமிராக்கள் 72,000 படங்கள் எடுக்கும். ஆயிரம் படங்களுக்கு ஒன்று வீதம் இயந்திரம் தவறாகக் கூவினாலும் நாளொன்றுக்கு 72 பொய் எச்சரிக்கைகள் எழும். வனக் காவலர் எத்தனை முறை மலையேறி வெறுங்கையோடு திரும்புவார்? "புலி வருது" கதையாகி, உண்மையான எச்சரிக்கையும் கேட்பாரற்றுப் போகும்.

நம் மாவட்டத்தில் காடு என்றால் துறையூர்ப் பக்கத்துப் பச்சைமலையே முதலில் நினைவுக்கு வரும். அத்தகைய மலைகளைக் கண்காணிக்கக் காமிரா வைத்தால், அடிவாரத்து வயல்களில் எரியும் சருகுப் புகையும் சேர்ந்தே படத்தில் விழும். வேற்று நாட்டுப் படங்களில் மட்டும் பயின்ற இயந்திரம் நம் ஊர் அடுப்புப் புகையையும் சூளைப் புகையையும் காட்டுத் தீ என்று மயங்கக்கூடும். எனவே நம் நிலத்துக்கு வேண்டிய இயந்திரத்துக்கு நம் நிலத்தை அறிந்தவர்களே ஆசிரியராதல் வேண்டும். இதில் கிராமத்துக்குள்ள மதிப்பை நாமே குறைத்துக்கொள்ளலாகாது.

வேலை தேடுவோர் கவனிக்க வேண்டியவை

இவ்வேலையை நாடும் இளைஞர்களுக்குச் சில எச்சரிக்கைகள் கூறுவது நம் கடமை. வேலை தருவதாகச் சொல்லி முன்பணமோ, பதிவுக் கட்டணமோ, "பயிற்சிக் கட்டணமோ" கேட்பவர்களை நம்பலாகாது. உழைப்பவருக்குக் கூலி கொடுப்பதே முறை. உழைக்க வருபவரிடம் பணம் கேட்பது மோசடியின் முதல் அடையாளம். இவ்வாறு ஏமாந்தவர்கள் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிற் கூறி இணையக் குற்றப் பிரிவின் உதவியை நாடலாம். வங்கிக் கணக்கின் கடவுச் சொல்லையும், கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணையும் எவரிடமும் கூறுதல் கூடாது.

வேலையை ஏற்குமுன், படத்துக்கு எவ்வளவு கூலி, எத்தனை நாளில் கிடைக்கும், தள்ளப்பட்டால் காரணம் சொல்வார்களா, மறு பரிசீலனை உண்டா என்ற நான்கையும் எழுத்தில் கேட்டறிய வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரத்தில் எத்தனை படம் முடிகிறது என்று எண்ணிப் பார்த்து, மணிக்கு என்ன கிடைக்கிறது என்று கணக்கிட வேண்டும். படத்துக்கு இத்தனை காசு என்று கேட்கும்போது கணிசமாகத் தோன்றும் கூலி, மணிக் கணக்கில் பார்க்கையில் களை எடுக்கும் கூலியினும் குறைந்திருக்கலாம். செய்த வேலைக்குத் தனியே ஒரு நோட்டில் நாள்தோறும் கணக்கு எழுதி வைத்தல் நலம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திரையை விட்டுக் கண்ணை எடுத்துத் தொலைவிலுள்ள மரத்தை நோக்கினால் கண் இளைப்பாறும், வேலையும் செம்மையாகும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

இதில் பஞ்சாயத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். தனித்து வேலை செய்வோர் ஒன்றுகூட ஓர் இடம் வேண்டும். நூலகமோ கிராம சேவை மையமோ வாரம் ஒரு மாலை இதற்குப் பயன்படலாம். வேலை தருவோர் அனுப்பும் படங்களை வெளியாருக்குக் காட்டுவது பல இடங்களில் ஒப்பந்தத்துக்கு மாறானது. எனவே நம் ஊரில் நாமே எடுத்த படங்களைக் கொண்டு பழகலாம். அக்கூட்டத்துக்கு முதிய விவசாயிகளையும் அழைத்தல் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் பட்டதாரிகளுக்குப் பாடம் சொல்லும் காட்சியை நாம் கண்டோம். அதில் இரு தலைமுறைக்கும் பெருமையே உண்டாயிற்று.

இந்திய வன அளவை நிறுவனத்தின் இணையத் தளத்தில் பதிவு செய்துகொள்வோர் தத்தம் பகுதிக்குரிய தீ எச்சரிக்கைகளைக் கைப்பேசியில் பெறலாம். மலையடிவாரத்துப் பஞ்சாயத்துகள் இதனைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். புகையைக் கண்டு 101 அல்லது 112 என்ற எண்ணுக்குத் தகவல் தருவோர் இடம், திசை, கண்ட நேரம், புகையின் நிறம், காற்றடிக்கும் பக்கம் ஆகிய ஐந்தையும் கூறினால், வருவோர்க்கு வழி தெளிவாகும். சருகையும் சோகையையும் கொளுத்தாமல் மடக்கி உழுதும் மட்கவைத்தும் உரமாக்கினால், பொய்ப் புகையும் குறையும், மண்ணும் வளம் பெறும்.

முடிவாக ஒன்று கூறுவோம். அந்த இளம்பெண் இப்போது தாம் அடையாளமிடும் ஒவ்வொரு ஐயமான படத்துக்கும் காரணத்தை ஒரு வரியில் குறித்து வைக்கிறார். வேலை தள்ளப்பட்டால் அக்காரணத்தை எழுதி மறு பரிசீலனை கேட்கிறார். எல்லா முறையும் பதில் வருவதில்லை. சில முறை வருகிறது, நிறுத்திய கூலியும் கிடைக்கிறது. வாரக் கூட்டத்துக்கு அந்த முதியவரும் தவறாமல் வருகிறார். காமிராவை மலையுச்சியில் நிறுத்தலாம், கணினியை நகரத்தில் நிறுத்தலாம். ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் கண்ணும், ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்கும் அறிவும் நம் கிராமங்களில் இருக்கின்றன. அவற்றுக்கு முறையான பயிற்சியும் நியாயமான கூலியும் கிடைக்குமாறு பார்த்துக்கொள்வது பஞ்சாயத்து உறுப்பினர்களாகிய உங்கள் கடமையும் எங்கள் கடமையுமாகும்.